மாளிகைப் பெண்களின் போட்டி – 'தி லக்ஸ்' நாவலும் நிஜ நியூயார்க்கும்

1899-ஆம் ஆண்டு. நியூயார்க்கின் மன்ஹாட்டன். ஊரே அழகி என்று கொண்டாடிய ஓர் இளம்பெண்ணின் இறுதிச் சடங்கு நடந்துகொண்டிருக்கிறது. கூட்டத்தில் அழுபவர்களும் இருக்கிறார்கள், உள்ளுக்குள் சந்தோஷப்படுபவர்களும் இருக்கிறார்கள்...

அன்னா கோட்பர்சன் எழுதிய 'தி லக்ஸ்' நாவல் இப்படித்தான் தொடங்குகிறது. 2007-ல் வெளிவந்த இந்த நாவல் பதின்ம வயதினருக்காக எழுதப்பட்டது. 2009-க்குள் இதற்கு மூன்று தொடர்ச்சிகளும் வந்துவிட்டன. அப்போது 'காசிப் கேர்ள்' நாவல் வரிசையும் அதே பெயரில் வந்த தொலைக்காட்சித் தொடரும் உச்சத்தில் இருந்தன. அதனால் பலரும் இதை "நூறு வருடத்துக்கு முந்தைய காசிப் கேர்ள்" என்றார்கள். பட்டுக் கவுன்கள், நடன விருந்துகள், ஒருத்தியை ஒருத்தி கவிழ்க்கப் பார்க்கும் பணக்காரப் பெண்கள் என்று எல்லாமே இதிலும் உண்டு.

வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் நிஜ வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் நாவலே அடக்கமாகத் தெரியும்! அந்தப் பெண்கள் எதற்காக அடித்துக்கொண்டார்கள் என்ற கேள்விக்கும் 'பொறாமை' என்பதைவிட நல்ல பதில் வரலாற்றில் இருக்கிறது.

கதை என்ன?

எலிசபெத் ஹாலந்து பழைய, பெயர்பெற்ற குடும்பத்துப் பெண். அப்பா இறந்தபின் வீட்டில் பெயர் மட்டும்தான் மிச்சம், பணம் இல்லை. பெனலோப் ஹேய்ஸ் அவளுடைய தோழி. இவள் வீட்டில் பணம் கொட்டிக் கிடக்கிறது, பெயர்தான் இல்லை. இருவருக்கும் நடுவில் ஹென்றி ஸ்கூன்மேக்கர் என்ற செல்வந்தர் வீட்டுப் பிள்ளை. குடும்பத்தைக் காப்பாற்ற எலிசபெத் அவனை மணக்க வேண்டும் என்கிறாள் அம்மா. எலிசபெத்தின் மனமோ வீட்டு வண்டிக்காரன் வில் மேல். பெனலோப்புக்கு ஹென்றி வேண்டும். எலிசபெத்தின் தங்கை டயானாவும் அவனிடம் மனதைப் பறிகொடுக்கிறாள். இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள் லீனா என்ற பணிப்பெண். அவளுக்கும் வில்மேல் ஒரு கண்!

முதல் பக்கத்து மரணத்தின் முடிச்சு எப்படி அவிழ்கிறது என்பதை நாவலிலேயே படித்துக்கொள்வது நல்லது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஒருத்தியிடம் பெயர், இன்னொருத்தியிடம் பணம். இந்த இரண்டுக்கும் நடந்த போட்டிதான் 19-ஆம் நூற்றாண்டின் கடைசி முப்பது வருட நியூயார்க் மேல்தட்டின் கதை.

நானூறு பேர் மட்டும்

அந்தக் காலத்து நியூயார்க் சமூகத்தின் முடிசூடா ராணி கரோலின் ஆஸ்டர் (1830–1908). யார் உயர்ந்த குடும்பம், யார் இல்லை என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அவரே எடுத்துக்கொண்டார். அவருக்கு ஆலோசகர் வார்ட் மெக்காலிஸ்டர். நியூயார்க்கின் நாகரிகச் சமூகத்தில் மொத்தமே நானூறு பேர்தான் தேறுவார்கள் என்று இவர் 1888-ல் ஒரு பத்திரிகையிடம் சொன்னார். ஆஸ்டர் வீட்டு நடன அறையில் அவ்வளவு பேர்தான் நிற்க முடியும், அதுதான் அந்தக் கணக்கு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். 1892-ல் பட்டியல் நியூயார்க் டைம்ஸில் வெளியானது. எண்ணிப் பார்த்தால் முந்நூற்றுச் சொச்சம் பெயர்கள்தான் இருந்தன!

இதில் வேடிக்கை என்னவென்றால், 'பழைய' பணம் என்று சொல்லப்பட்டதும் அவ்வளவு பழையது அல்ல. ஆஸ்டர் குடும்பத்தின் மூதாதை ஜான் ஜேக்கப் ஆஸ்டர் ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்தவர். விலங்கின் மென்மயிர்த் தோலை வாங்கி விற்றார், பிறகு மன்ஹாட்டன் நிலங்களை வாங்கிப் போட்டார். வாண்டர்பில்ட் குடும்பத்தின் மூதாதை கொர்னேலியஸ் ஒரு படகுக்காரர். நீராவிக் கப்பலிலும் ரயில்வேயிலும் சம்பாதித்து 1877-ல் இறந்தபோது சுமார் 10 கோடி டாலர் விட்டுச் சென்றார். ஆஸ்டருக்கும் வாண்டர்பில்டுக்கும் உள்ள வித்தியாசம் ஓரிரு தலைமுறைதான். ஆனால் அந்த ஓரிரு தலைமுறைதான் ஒருவரை விருந்துக்குள் விட்டது, இன்னொருவரை வாசலில் நிறுத்தியது.

இசை நாடக அரங்கிலும் இதே கதை. 14-ஆம் தெருவில் இருந்த 'அகாடமி ஆஃப் மியூசிக்' அரங்கில் பெரிய மனிதர்களுக்கான தனி மாடங்கள் 18 மட்டுமே. அவை பழைய குடும்பங்களின் கையில் இருந்தன. எவ்வளவு பணம் கொடுத்தாலும் புதியவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. புதுப்பணக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சேர்ந்து பணம் போட்டு வேறு அரங்கமே கட்டிவிட்டார்கள். 1883 அக்டோபரில் திறக்கப்பட்ட அதுதான் புகழ்பெற்ற மெட்ரோபாலிட்டன் ஓப்பரா. மூன்றே வருடங்களில் பழைய அரங்கு ஓப்பரா நடத்துவதையே விட்டுவிட்டது.

ஓர் அழைப்பிதழ் செய்த வேலை

வாண்டர்பில்ட் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவர் ஆல்வா. அலபாமா மாநிலத்தின் மொபைல் நகரில் 1853-ல் பிறந்தவர். உள்நாட்டுப் போருக்குப் பின் அவர் தந்தையின் வசதி தேய்ந்துகொண்டே போனது. 1875-ல் கொர்னேலியஸின் பேரன் வில்லியம் கே. வாண்டர்பில்டை மணந்தார். கைநிறையப் பணம், ஆனால் ஆஸ்டர் அம்மையார் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆல்வா ஐந்தாம் அவென்யூவில் பிரெஞ்சுக் கோட்டை போல ஒரு மாளிகை கட்டினார். 1883 மார்ச் 26 அன்று அதில் ஒரு மாறுவேட நடன விருந்து. சுமார் 1,200 பேருக்கு அழைப்பு. ஆஸ்டர் அம்மையாரின் மகள் கேரியும் தோழிகளும் அந்த விருந்தில் ஆடுவதற்காக ஒரு நடனத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் கேரிக்கு அழைப்பு வரவில்லை. "ஆஸ்டர் அம்மையார் என் வீட்டுக்கு ஒருமுறைகூட வந்ததில்லையே, முன்பின் தெரியாதவர்களை எப்படி அழைப்பது?" என்கிற தோரணையில் ஆல்வா இருந்தாராம். அன்றைய வழக்கப்படி, மேல்நிலையில் இருப்பவர் முதலில் தன் பெயர் அச்சிட்ட அட்டையைக் கொடுத்தனுப்பினால்தான் பழக்கம் தொடங்கியதாக அர்த்தம். மகளுக்காக ஆஸ்டர் அம்மையார் இறங்கி வந்தார். அட்டை போனது. அழைப்பு வந்தது.

இந்தக் கதையில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம் என்று சில வரலாற்று ஆசிரியர்கள் சொல்வதுண்டு. ஆனால் ஆஸ்டர் அம்மையாரும் மகளும் அந்த விருந்துக்குப் போனது நிஜம். வாண்டர்பில்ட் குடும்பத்துக்குக் கதவு திறந்ததும் நிஜம். ஆல்வாவின் ஓரகத்தி ஆலிஸ் 'மின்சார விளக்கு' வேடத்தில் வந்தார். தங்கமும் வெள்ளியுமாக மின்னிய அந்த உடை நியூயார்க் நகர அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

ஆஸ்டர் குடும்பத்துக்குள்ளேயே ஒரு சண்டையும் நடந்தது. 'ஆஸ்டர் அம்மையார்' என்ற பட்டம் தனக்கே உரியது என்று கரோலின் சொல்ல, தன் மனைவிக்கே உரியது என்றார் கணவர் வழியில் மருமகனான வில்லியம் வால்டார்ஃப் ஆஸ்டர். கரோலின் மசியவில்லை. அவருடைய வீட்டை ஒட்டியிருந்த தன் இடத்தில் வில்லியம் 1893-ல் ஒரு பெரிய ஹோட்டலை எழுப்பினார். அதன் நிழலிலும் இரைச்சலிலும் இருக்கப் பிடிக்காமல் கரோலின் வீட்டைக் காலி செய்தார். அங்கே அவர் மகன் இன்னொரு ஹோட்டல் கட்ட, 1897-ல் இரண்டும் சேர்ந்து வால்டார்ஃப்-அஸ்டோரியா ஆனது. (அந்த மகன் பின்னாளில் டைட்டானிக் கப்பலோடு மூழ்கிய ஜான் ஜேக்கப் ஆஸ்டர்.) 1931-ல் அதே இடத்தில்தான் எம்பயர் ஸ்டேட் கட்டிடம் எழுந்தது. ஒரு பட்டப்பெயர்ச் சண்டை நடந்த மண்ணில்தான் அந்தக் கட்டிடம் நிற்கிறது!

மணமேடைக்கு வெளியே காவல்

இதுவரை வந்தவர்கள் எல்லாம் அம்மாக்கள். பெண்களின் கதி என்ன? ஆல்வாவின் மகள் கான்சுவேலோவைப் பார்த்தால் போதும். 1877-ல் பிறந்தவள். நேராக உட்காரப் பழகுவதற்காகச் சிறுவயதில் முதுகில் இரும்புக் கம்பியைக் கட்டிக்கொண்டு பாடம் படிக்க வேண்டியிருந்தது என்று பிற்காலத்தில் தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். வின்த்ரொப் ரூதர்ஃபர்ட் என்ற இளைஞரை அவள் விரும்பினாள். அம்மாவுக்கோ இங்கிலாந்தின் டியூக் ஒருவர் மாப்பிள்ளையாக வேண்டும். மகளை வெளியே விடவில்லை, கடிதங்களைத் தடுத்தார். மனம் உடைந்து அம்மா செத்துப்போவாள் என்றும் மகளுக்குச் சொல்லப்பட்டது. (நம் ஊர் சினிமாவில் பார்த்த காட்சி மாதிரி இல்லை?)

1895 நவம்பர் 6 அன்று ஒன்பதாம் மார்ல்பரோ டியூக்குக்கும் கான்சுவேலோவுக்கும் திருமணம். அன்று காலை முழுவதும் தன் அறையில் அழுதுகொண்டிருந்ததாகவும், அறை வாசலில் காவலுக்கு ஓர் ஆள் நின்றதாகவும் அவரே எழுதியிருக்கிறார். டியூக்குக்குக் கிடைத்தது என்ன? 25 லட்சம் டாலர் மதிப்புள்ள ரயில்வே பங்குகளின் வருமானம், அவர் ஆயுள் உள்ளவரை. அந்தப் பணம் பிளெனிம் மாளிகையைப் பழுதுபார்க்கப் போனது.

வரதட்சணை என்றால் கீழ்த்திசை நாடுகளின் வழக்கம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தின் பிரபுக்களுக்கு ஏன் அமெரிக்கப் பணம் தேவைப்பட்டது? 1870-களிலிருந்து அமெரிக்கச் சமவெளியின் கோதுமை ரயிலிலும் நீராவிக் கப்பலிலும் ஏறி ஐரோப்பாவில் மலிவாக வந்து இறங்கியது. பிரிட்டனில் தானிய விலை விழுந்தது, நிலக் குத்தகை விழுந்தது, நிலத்தையே நம்பியிருந்த பிரபுக்கள் தடுமாறினார்கள். வாண்டர்பில்ட் வீட்டைப் பணக்காரர் ஆக்கிய ரயில்கள்தான் டியூக்குகளின் வருமானத்தைச் சரித்தன. அந்த ரயில் பணமே வரதட்சணையாக அவர்களிடம் திரும்பிப் போனது! 1890-ல் 'பட்டம் பெற்ற அமெரிக்கர்கள்' என்ற பொருளில் ஒரு புத்தகம்கூட வந்தது. வெளிநாட்டுப் பிரபுக்களை மணந்த அமெரிக்கப் பெண்களின் பட்டியல் அதில் இருந்தது. கூடவே இன்னும் மணமாகாத பட்டதாரிப் பிரபுக்களின் விவரமும்! (படிப்புப் பட்டம் அல்ல, பிரபுப் பட்டம்.) கல்யாணத் தரகர் வைத்திருக்கும் நோட்டுப் புத்தகம் போலத்தான்.

இந்தியா வரை வந்த போட்டி

அதே 1895-ல் இன்னொரு அமெரிக்கப் பெண்ணுக்கும் பிரிட்டிஷ் மாப்பிள்ளை வாய்த்தார். சிகாகோ வணிகர் லீவை லைட்டரின் மகள் மேரி. மாப்பிள்ளை யார்? பள்ளிப் புத்தகத்தில் வங்கப் பிரிவினைப் பாடத்தில் வரும் அதே கர்சன் பிரபுதான்! 'தி லக்ஸ்' கதை நடக்கும் 1899-ல்தான் கர்சன் வைஸ்ராயாகப் பொறுப்பேற்றார். சிகாகோ கடைக்காரர் மகள் இந்தியாவின் வைஸ்ராய் மனைவி ஆனார்.

1903 டெல்லி தர்பாரின் நடன விருந்தில் மேரி அணிந்த மயில் உடை மிகப் பிரபலம். தங்க, வெள்ளிச் சரிகையால் மயிற்பீலி வடிவில் டெல்லிக் கைவினைஞர்கள் எம்பிராய்டரி செய்த துணியைப் பாரிஸின் வொர்த் நிறுவனம் கவுனாகத் தைத்தது. பீலிகளின் கண்களில் மின்னியவை வண்டுகளின் சிறகுகள். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான், 1899–1900-ல், இந்தியா பெரும் பஞ்சத்தைக் கண்டிருந்தது. 1903 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில், தலைமை வகித்த லால்மோகன் கோஷ் தர்பார் செலவைக் கடுமையாகக் கண்டித்தார். மேரி 1906-ல் தன் 36-ஆவது வயதில் இறந்துபோனார்.

கிசுகிசுவின் விலை

'தி லக்ஸ்' நாவலில் அத்தியாயங்களின் தலைப்பில் கிசுகிசுப் பத்திகள் வரும். இது கற்பனை அல்ல. 'டவுன் டாபிக்ஸ்' என்ற வார இதழ் அன்றைய நியூயார்க்கில் இதற்கென்றே இருந்தது. நடத்தியவர் கர்னல் வில்லியம் மேன். வீட்டு வேலைக்காரர்கள் உட்படப் பலரிடமிருந்தும் அவருக்குத் தகவல் வந்தது. 1905–06-ல் ஓர் அவதூறு வழக்கில் குட்டு வெளிப்பட்டது. பெரிய புள்ளிகள் பலர் மேனுக்குத் திரும்பி வராத 'கடன்' கொடுத்திருந்தார்கள். கான்சுவேலோவின் தந்தை வில்லியம் வாண்டர்பில்ட் மட்டும் 25,000 டாலர்! எழுதாமல் இருப்பதற்குத்தான் பணம்.

நாவலில் லீனா தன் எஜமானியின் ரகசியத்தைப் பெனலோப்பிடம் கொண்டுபோவது இதனால்தான் நம்பும்படி இருக்கிறது. பெயரும் இல்லாத, பணமும் இல்லாத ஒருத்தியிடம் விற்பதற்கு வேறு என்ன இருக்கும்?

பொறாமையா, வேறு ஏதாவதா?

வாண்டர்பில்டுகளும் மற்ற ரயில்வே முதலாளிகளும் ஒருவரை ஒருவர் அழிக்கப் பார்த்தார்கள். பங்குச் சந்தையில் சூழ்ச்சி செய்தார்கள், நீதிபதிகளை விலைக்கு வாங்கினார்கள். அதற்கு 'வணிகம்' என்று பெயர். அவர்களுடைய மனைவிகளும் மகள்களும் அதே வேகத்தோடு, அதே தந்திரத்தோடு நடன விருந்தில் மோதிக்கொண்டார்கள். அதற்கு மட்டும் 'பெண்களின் பொறாமை' என்று பெயர்! நியூயார்க் மாநிலத்தில் பெண்களுக்கு ஓட்டு கிடைத்தது 1917-ல், நாடு முழுக்க 1920-ல். கல்லூரிகள் இருந்தன, ஆனால் இந்த வீட்டுப் பெண்கள் அங்கே போவது அபூர்வம். ஒரே ஒரு வாசல்தான் திறந்திருந்தது, அது கல்யாண வாசல். ஒரே வாசலில் பத்துப் பேரை நிறுத்தினால் இடித்துக்கொள்ளத்தான் செய்வார்கள்.

இது சால்ஜாப்பு மாதிரித் தோன்றலாம். ஆனால் ஆல்வாவின் பிற்கால வாழ்க்கையே இதற்குச் சாட்சி. 1895-ல் கணவரை விவாகரத்து செய்து ஊரை அதிரவைத்தார். மறுவருடம் ஆலிவர் பெல்மான்ட்டை மணந்தார். 1908-ல் அவரும் இறந்தபின் ஆல்வா பெண்களின் ஓட்டுரிமைப் போராட்டத்தில் குதித்தார். ஆஸ்டர் அம்மையாரைப் பணியவைத்த அதே பிடிவாதம் இப்போது அரசாங்கத்தின் பக்கம் திரும்பியது.

1909 நவம்பரில் நியூயார்க்கில் சட்டை தைக்கும் தொழிலாளப் பெண்கள் சுமார் இருபதாயிரம் பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். போலீஸ் அடித்து இழுத்துப்போனது. ஆல்வா இரவு நீதிமன்றத்தில் காத்திருந்து, கைதான பெண்களுக்கு மேடிசன் அவென்யூவில் இருந்த தன் வீட்டையே ஜாமீனாகக் காட்டினார். மாளிகைப் பெண்களின் உதவியைத் தொழிலாளர்கள் எல்லோரும் முழுதாக நம்பவில்லை. அவர்கள் சந்தேகத்திலும் நியாயம் இருந்தது. வங்கியாளர் ஜே. பி. மார்கனின் மகள் ஆன் மார்கன், சோஷலிசப் பேச்சு அதிகமாகிவிட்டது என்று சொல்லி விலகிக்கொண்டார். 1911 மார்ச் 25 அன்று டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இளம்பெண்கள். எலிசபெத், பெனலோப் வயதுதான் அவர்களில் பலருக்கும். கவுன்களின் போட்டியை எழுதும் நாவல்களில் துணி தைத்த கைகளுக்கு அநேகமாக இடம் இருப்பதில்லை. லீனாவைக் கதைக்குள் கொண்டுவந்ததால் 'தி லக்ஸ்' கொஞ்சம் தப்பித்துக்கொள்கிறது, முழுதாக இல்லை.

அம்மாவும் மகளும்

கான்சுவேலோ 1906-ல் டியூக்கைப் பிரிந்தார், 1921-ல் விவாகரத்து, 1926-ல் கத்தோலிக்கத் திருச்சபை அந்தத் திருமணமே செல்லாது என்றது. அந்த விசாரணையில் முக்கியச் சாட்சி யார் தெரியுமா? ஆல்வா. மகளைத் தானே கட்டாயப்படுத்தியதாக அவரே ஒப்புக்கொண்டார்.

அதற்கு முன் ஒரு சம்பவம். நியூபோர்ட்டில் ஆல்வாவுக்கு 'மார்பிள் ஹவுஸ்' என்ற பளிங்கு மாளிகை இருந்தது. 1895-ல் கான்சுவேலோவை நிச்சயம் செய்தது அங்கேதான். 1914-ல் அதே மாளிகையில் ஆல்வா பெண்கள் மாநாடு ஒன்று கூட்டினார். 'பெண்களுக்கு ஓட்டு' என்று எழுதிய பீங்கான் பாத்திரங்கள் அங்கே பயன்பட்டன. அந்த மாநாட்டின் சிறப்பு விருந்தினர் கான்சுவேலோ. பத்தொன்பது வருடத்துக்கு முன் வாய் திறக்க விடாமல் நிச்சயம் செய்யப்பட்ட வீட்டில், அம்மா அழைத்து, மகள் மேடை ஏறிப் பேசினார்.

'தி லக்ஸ்' படிக்கும்போது எலிசபெத் பக்கமா, பெனலோப் பக்கமா என்று கட்சி பிரிந்து சண்டை போடுவது சுகம்தான். அடுத்த முறை அப்படிச் சண்டை போடும்போது, அந்த இருவரையும் ஒரே வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது யார் என்றும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.